மறந்துபோன சுவிஸ் அறையிசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தொழில்முறைக் கலைஞன் அல்ல. வாரம் ஒருநாள் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, குரல் தாழ்ந்த தந்தி வாத்தியம்) வாசிக்கிறவன். ஹைடன், மொசார்ட், பிராம்ஸ் என்று ஒரு சுற்று முடிந்ததும் அடுத்து என்ன என்று தேடப் போய்ச் சுவிஸ் இசையமைப்பாளர்களிடம் வந்து சேர்ந்தேன். அதைப் பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அறையிசை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கக்கூடிய இசை. இரண்டு பேரிலிருந்து எட்டு, பத்துப் பேர் வரை இருப்பார்கள். கோலெடுத்து நடத்த ஒருவர் தேவையில்லை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்தால் ஸ்ட்ரிங் குவார்ட்டெட். பியானோவோடு வயலினும் செல்லோவும் சேர்ந்தால் பியானோ ட்ரியோ. நடுவில் ஒருவர், இருபுறமும் பக்கவாத்தியம் என்ற ஏற்பாடு இதில் கிடையாது. பேச்சு கைமாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். வாசிக்கிறவர் முன்னால் அவருடைய பகுதி மட்டும் எழுதிய தாள்தான் இருக்கும். அதைப் பார்ட் என்பார்கள். எல்லோருடைய பகுதியும் சேர்ந்த தாள் ஸ்கோர். ஸ்கோர் பத்திரமாக இருந்து ஒரே ஒரு பார்ட் தொலைந்தாலும் போதும், அந்த இசையை யாரும் வாசிக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் கதை பெரும்பாலும் இந்தத் தாள்களின் கதைதான்.

சுவிட்சர்லாந்தில் அப்படி யார் இருந்தார்கள்?

ஆர்தர் ஹொனெகர், எர்னஸ்ட் ப்ளாக், ஃப்ராங்க் மார்ட்டின் ஆகிய மூவரை உலகம் அறியும். ஹொனெகர் பிறந்தது பிரான்சில், வாழ்ந்ததும் பெரும்பாலும் அங்கேதான். ப்ளாக் அமெரிக்காவுக்குப் போனார். மார்ட்டின் நெதர்லாந்தில் குடியேறினார். வெளியே போனவர்களுக்குத்தான் பெயர் கிடைத்தது என்று இதைப் பார்த்தால் தோன்றும். ஆனால் வெளியே போயும் மறக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், உள்ளூரிலேயே இருந்து மறக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். யோவாகிம் ராஃப், ஹெர்மான் கோட்ஸ், ஹான்ஸ் ஹூபர், ஹெர்மான் சூட்டர், பால் யுவோன், ஃபோல்க்மார் ஆண்ட்ரே, ஓட்மார் ஷோக், வில்லி புர்க்ஹார்ட், கான்ராட் பெக், ரிச்சர்ட் ஃப்ளூரி. நீளமான பட்டியல் இது. நான் வாசித்ததும் பலமுறை கேட்டதும் எவையோ அவற்றைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசுகிறேன்.

நல்ல இசை என்றால் எப்படி மறந்துபோகும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். நல்லது எப்படியும் நிலைக்கும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். சிம்பொனி விஷயத்தில் அது ஓரளவு நடக்கலாம், ஏனென்றால் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் நிர்வாகம் இருக்கிறது, நூலகர் இருக்கிறார், ஊரின் பணம் இருக்கிறது. அறையிசைக்கு இது எதுவும் இல்லை. நான்கு பேர் விரும்பி எடுத்து வாசித்தால் உயிரோடு இருக்கும். அவர்கள் விட்டுவிட்டால் அவ்வளவுதான்.

அப்புறம் நாட்டின் அமைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியும் ரஷ்யாவும் செக் மக்களும் தங்களுக்கென்று தேசிய இசை வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தபோது, நான்கு மொழி பேசும் சுவிட்சர்லாந்து அந்த ஓட்டத்தில் சேரவில்லை. ஜெர்மன் பேசும் பகுதியின் மாணவர்கள் லைப்ஸிக்குக்கும் பெர்லினுக்கும் போனார்கள், பிரெஞ்சு பேசும் பகுதியினர் பாரிசுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்த வேலை பாடகர் குழுவை நடத்துவது. அந்த நாட்டில் ஊருக்கு ஊர் ஆண்கள் பாட்டுக் குழு இருந்தது. இசை வாழ்வின் முதுகெலும்பே அதுதான். அதனால் ஓர் இசையமைப்பாளரின் பெயர் ஊருக்குள் நின்றதெல்லாம் பாட்டுக் குழுவுக்கு எழுதியவற்றால்தான். அவர் ஆசையோடு எழுதிய குவார்ட்டெட் அலமாரியில் கிடந்தது.

இன்னொன்றும் உண்டு. பிராம்ஸ் 1886 முதல் 1888 வரை மூன்று கோடைகாலங்களைத் தூன் ஏரிக்கரையில் கழித்தார். இரண்டாம் செல்லோ சொனாட்டா, இரண்டாம் வயலின் சொனாட்டா, சி மைனர் பியானோ ட்ரியோ மூன்றும் அங்கே எழுதப்பட்டவை. சுவிஸ் மண்ணில் பிறந்த அறையிசை என்றால் இன்றும் பலர் முதலில் சொல்வது விருந்தாளி எழுதிய இவற்றைத்தான். வீட்டுக்காரர்கள் எழுதியதை யாரும் கேட்பதில்லை.

ஒரே ஒருவரோடு தொடங்க வேண்டுமென்றால் யார்?

பால் யுவோன். யோசிக்கவே வேண்டாம்.

யுவோனின் தாத்தா கிராவ்புண்டன் மாகாணத்தின் மாசைன் என்ற மலைக் கிராமத்துக்காரர், மிட்டாய்த் தொழில் செய்தவர். அந்த மாகாணத்திலிருந்து கேக், மிட்டாய் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஐரோப்பா முழுக்கப் பிழைக்கப் போனார்கள். அப்படித்தான் அவர் பால்டிக் கரைக்குப் போனார். குடும்பம் பிறகு மாஸ்கோவுக்கு நகர்ந்தது. பேரன் பால் 1872இல் அங்கே பிறந்தார். மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் தனேயெவிடமும் அரென்ஸ்கியிடமும் படித்தார், பின்பு பெர்லின் போனார், 1906இலிருந்து அங்கே இசையமைப்பு கற்பித்தார். சைகோவ்ஸ்கியின் வாழ்க்கையைப் பற்றி அவருடைய தம்பி மொடெஸ்ட் எழுதிய நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தவரும் இவரே. 1934இல் வேலையை விட்டுவிட்டு ஜெனீவா ஏரிக்கரையில் வெவே என்ற ஊருக்கு வந்தார். 1940இல், ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், அங்கேயே காலமானார்.

இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ரஷ்யர்களுக்கு இவர் ஜெர்மன்காரர். ஜெர்மன்காரர்களுக்கு ரஷ்யர். சுவிஸ்காரர்களுக்கோ, கடைசிக் காலத்தில் வந்து குடியேறிய பெர்லின் பேராசிரியர். ஆக, இவருடைய தாள்களை எடுத்து மேசையில் வைக்கும் கடமை யாருக்கும் இல்லாமல் போனது.

ஆனால் இசையைக் கேட்டுப் பாருங்கள். 1901இன் பியானோ ட்ரியோ, ஒப்பஸ் 17 (ஒப்பஸ் என்பது ஓர் இசையமைப்பாளரின் படைப்புகளுக்கு இடும் வரிசை எண்). ரஷ்ய நாட்டுப்பாட்டின் சாயலில் ஒரு மெட்டு, பிராம்ஸின் கட்டுமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பியானோவுக்கும் ஐந்து தந்தி வாத்தியங்களுக்கும் எழுதிய செக்ஸ்டெட், ஒப்பஸ் 22. இதில் செல்லோ இரண்டு. அதனால் ஓசையின் அடிப்பகுதி அப்படி ஓர் அடர்த்தியோடு இருக்கும். பிற்காலத்தில் தாளத்தில் விளையாடத் தொடங்கினார். அளவு மாறி மாறி வரும், அந்த மாற்றமே ஒரு வரிசையாக அமைந்து திரும்ப வரும். நம் கை தன்னையறியாமல் தாளம் போட முயன்று தடுமாறும், பிறகு பிடித்துக்கொள்ளும். எனக்கு அதில் கிடைக்கும் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஸ்வீடிஷ் எழுத்தாளர் செல்மா லாகர்லோஃபின் 'கோஸ்டா பெர்லிங்' நாவலைப் படித்த வேகத்தில் எழுதிய ட்ரியோ ஒன்றும் உண்டு, ஒப்பஸ் 39. லிட்டானியே என்ற ஒப்பஸ் 70 ஒரே மூச்சில் போகும் ட்ரியோ. பிரார்த்தனை போல ஆரம்பித்து எங்கெங்கோ போய்விடும்.

வயோலா வாசிக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. கிளாரினெட்டுக்கும் இரண்டு வயோலாக்களுக்கும் ஒரு டைவர்ட்டிமென்ட்டோ எழுதியிருக்கிறார், ஒப்பஸ் 34. இப்படி ஒரு கூட்டணியை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. மூன்றும் ஒரே உயரத்தில் பேசும் குரல்கள், ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போகும்.

யோவாகிம் ராஃபைச் சுவிஸ் இசையமைப்பாளர் என்று சொல்லலாமா?

1822இல் சூரிக் ஏரிக்கரையில் லாக்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க்கிலிருந்து வந்தவர், அம்மா உள்ளூர்க்காரர். ராஃப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு தானாகவே இசை கற்றவர். 1845இல் பியானோ மேதை லிஸ்ட் பாசல் நகரில் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டு, கையில் காசில்லாமல் கொட்டும் மழையில் நடந்தே போனார். சொட்டச் சொட்ட நின்ற இளைஞனை லிஸ்ட் மேடையிலேயே உட்கார வைத்துக்கொண்டார். பிறகு வைமார் நகரில் லிஸ்டுக்கு உதவியாளராகச் சில ஆண்டுகள் இருந்தார். 1878இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஹோக் கன்சர்வேட்டரி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவரே. பியானோ கலைஞர் கிளாரா ஷூமனை ஆசிரியராக அழைத்து வந்தவரும் அவர்தான்.

அவருடைய முதல் சிம்பொனியின் பெயர் 'தாய்நாட்டுக்கு'. அந்தத் தாய்நாடு ஜெர்மனி. ஆக அவரே தன்னை எங்கே வைத்துக்கொண்டார் என்பது தெரிகிறது. ஆனாலும் லாக்கன் அவரை விடவில்லை. அவர் பெயரில் சங்கம் நடத்துகிறார்கள், தாள்களைத் தேடிச் சேர்க்கிறார்கள், வெளியிடுகிறார்கள். ஓர் ஊர் ஒருவரை இப்படிப் பிடித்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாஸ்போர்ட் விவாதம் அப்புறம்.

உயிரோடு இருந்தபோது ஜெர்மன் நாடுகளில் அதிகம் வாசிக்கப்பட்டவர்களில் ஒருவர் ராஃப். பிறகு வயலின் மாணவர்கள் வாசிக்கும் 'கவட்டீனா' என்ற சின்னத் துண்டு மட்டும் மிஞ்சியது. அவர் எட்டு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகள் எழுதியிருக்கிறார். அதில் ஏழாவது, ஷூபர்ட் பாட்டுகளாக எழுதிய 'அழகிய மில்காரர் மகள்' கதையைப் பாட்டே இல்லாமல் நான்கு வாத்தியங்களால் சொல்கிறது. மில் சக்கரம் சுற்றும் பகுதியைக் கேட்டால் ராஃப் ஏன் கொண்டாடப்பட்டார் என்று புரியும். எட்டுத் தந்தி வாத்தியங்களுக்கான ஆக்டெட் ஒன்றும், பத்துக் காற்று வாத்தியங்களுக்கான சின்ஃபோனியெட்டா (சின்ன சிம்பொனி) ஒன்றும் உண்டு. காற்று வாத்தியக்காரர்கள் மட்டும் இந்த சின்ஃபோனியெட்டாவை ஓரளவுக்கு விடாமல் வைத்திருந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு எழுதப்பட்டதே குறைவு.

ஹெர்மான் கோட்ஸ் பிறந்தது அன்றைய ஜெர்மன் நகரமான கோனிக்ஸ்பெர்க்கில் அல்லவா?

ஆமாம், 1840இல். 1863இல் விண்டர்தூர் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க வந்தார். 1876 டிசம்பரில், 36 வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது, சூரிக் பக்கத்தில் காசநோயால் இறந்தார். வளர்ந்து எழுதிய இசை முழுவதும் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. நான் அவரைச் சேர்த்துக்கொள்கிறேன்.

சி மைனர் பியானோ குவிண்ட்டெட், ஒப்பஸ் 16. வழக்கமாக வரும் இரண்டாம் வயலினுக்குப் பதிலாக டபுள் பாஸ். ஷூபர்ட்டின் 'ட்ரவுட்' குவிண்ட்டெட்டில் இருக்கும் அதே ஐந்து வாத்தியங்கள். ஆனால் ஷூபர்ட்டின் வெயில் இதில் கிடையாது. நோய் முற்றிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது. அழுகையாக இல்லை, ஒருவித அவசரம் இருக்கிறது. ட்ரவுட் வாசிக்க டபுள் பாஸ்காரரை அழைத்து வரும் குழுக்கள் அதே மாலையில் இதையும் எடுத்து வைக்கலாம். இதைவிடச் சுலபமாக ஒரு நல்ல படைப்பை மீட்க வழியே இல்லை.

பிராம்ஸுக்குச் சமர்ப்பித்த பியானோ குவார்ட்டெட் ஒப்பஸ் 6 இன்னும் மென்மையானது.

விண்டர்தூர் என்ற பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

சூரிக்கிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். இயந்திரத் தொழிற்சாலைகளும் துணி வியாபாரமும் வளர்த்த ஊர். அங்கே மியூசிக்கொலேகியம் என்ற இசைச் சங்கம் 1629இலிருந்து நடக்கிறது. ஊரில் சிலர் கூடி வாசிக்க ஆரம்பித்தது, இன்று முழு ஆர்க்கெஸ்ட்ராவாக நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சங்கத்தின் பின்னால் நின்றவர் வெர்னர் ரைன்ஹார்ட், வணிகக் குடும்பத்துக்காரர். 1918இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'படைவீரன் கதை' லோசானில் அரங்கேறியது இவர் பணத்தால். ஷோக்குக்கு 1916இலிருந்து ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, அவரே கிளாரினெட் வாசித்தார். ஷோக் எழுதிய பாஸ் கிளாரினெட் சொனாட்டா, ஒப்பஸ் 41, இந்த நட்பில் விளைந்தது. அந்த வாத்தியத்துக்கென்று எழுதப்பட்ட தொடக்ககாலச் சொனாட்டாக்களில் ஒன்று. வாசிக்கத் தெரிந்த ஒருவர் புரவலராக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர்களாக மட்டும் தெரிந்தவர்களும் எழுதினார்களா?

எழுதினார்கள். அவர்கள் நிலைதான் ரொம்ப வருத்தம்.

ஃபோல்க்மார் ஆண்ட்ரே 1906 முதல் 1949 வரை சூரிக் டோன்ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர். 43 ஆண்டுகள். ப்ரூக்னர் இசைக்காக அவர் செய்ததை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். இரண்டு பியானோ ட்ரியோ, இரண்டு ஸ்ட்ரிங் குவார்ட்டெட், ஒரு ஸ்ட்ரிங் ட்ரியோ, ஒரு புல்லாங்குழல் குவார்ட்டெட் எழுதினார். அந்த மேடையில் மற்றவர்களின் இசையைத் தூக்கிப் பிடித்தவர், தன்னுடையதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. இரண்டாம் ட்ரியோ, ஒப்பஸ் 14, முதலாவதைவிடப் பலமடங்கு சொந்தக் குரல் கொண்டது என்பது என் கருத்து.

அவருக்கு முன்னால் அதே பதவியில் இருந்த ஃப்ரீட்ரிக் ஹேகார் ஆண்கள் பாட்டுக் குழு இசைக்குப் பேர்போனவர். அவருடைய ஸ்ட்ரிங் குவார்ட்டெட், ஒப்பஸ் 46, எஃப் ஷார்ப் மைனர் சுருதியில் முதுமைக் காலத்தில் எழுதியது. ஹேகார் அடிப்படையில் வயலின்காரர். அது ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

பாசல் நகரில் ஹான்ஸ் ஹூபர் இருந்தார். எட்டு சிம்பொனி எழுதினார், 1905இல் அங்கே கன்சர்வேட்டரியை உருவாக்கினார். வயலின் சொனாட்டாக்களும் ட்ரியோக்களும் நிறைய. அவருக்குப் பிறகு அங்கே ஹெர்மான் சூட்டர். சூட்டரின் மூன்றாம் ஸ்ட்ரிங் குவார்ட்டெட், ஒப்பஸ் 20, 'கரும்பறவையின் அழைப்பு' என்று பெயர் பெற்றது. ஐரோப்பியத் தோட்டங்களில் அதிகாலையிலும் அந்தியிலும் பாடும் அந்தக் கறுப்புப் பறவையின் குரலைக் கேட்டு எழுதியது. சுவிஸ் இசை என்றால் மலை, மாட்டு மணி, ஆல்ப்ஹார்ன் என்ற நீண்ட மரக் கொம்பு என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். வீட்டுக் கொல்லையில் ஒரு பறவை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. சூட்டர் குவார்ட்டெட் ஒன்றின் பழைய அச்சுப் பிரதி ஒரு கடையில் இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் பணம் அனுப்பி வரவழைத்தேன். நான்கு பேரும் கூடியிருந்த மாலையில் உறையைப் பிரித்தோம். முதல் வயலின் இருந்தது, இரண்டாம் வயலின் இருந்தது, செல்லோ இருந்தது. வயோலா பார்ட் இல்லை. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார், ஆனால் அவரிடமும் இல்லை. அன்று மற்ற மூவரும் வாசிக்க, நான் உட்கார்ந்து கேட்டேன். எந்த இடத்தில் என் குரல் வரவேண்டும் என்பது அந்த இடைவெளிகளில் நன்றாகக் கேட்டது. பிறகு ஒரு நூலகத்திலிருந்த ஸ்கோரைப் பார்த்து வயோலா வரியைக் கையால் படியெடுத்தேன். முழுதாக மூன்று வாரம் ஆனது. இன்றும் அந்தத் தாளில்தான் வாசிக்கிறேன்.

ஓட்மார் ஷோக்கைத் தெரியாதவர் உண்டா?

ஜெர்மன் பாட்டு ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 1886இல் ப்ருன்னன் என்ற ஏரிக்கரை ஊரில் ஓர் ஓவியரின் மகனாகப் பிறந்தார், 1957இல் சூரிக்கில் காலமானார். அவருடைய முதல் வயலின் சொனாட்டாவும் வயலின் கான்செர்ட்டோவும் ஸ்டெஃபி கேயர் என்ற வயலின் கலைஞர் மீதிருந்த காதலில் எழுதப்பட்டவை. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக்கும் இளம் வயதில் அதே ஸ்டெஃபி மீது காதல் கொண்டிருந்தவர். கேயர் கடைசியில் மணந்தது வால்டர் ஷுல்தெஸ் என்ற சுவிஸ் இசையமைப்பாளரை.

ஷோக்கின் சிகரம் 'நாட்டுர்னோ', ஒப்பஸ் 47. பாரிட்டோன் என்ற நடுத்தர ஆண் குரலும் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டும். நிக்கோலாஸ் லேனாவின் கவிதைகள், கடைசியில் காட்ஃப்ரீட் கெல்லரின் ஒரு கவிதைத் துண்டு. பாடகருக்குத் துணையாக நான்கு வாத்தியங்கள் என்று நினைத்துக் கேட்காதீர்கள். பாட்டில்லாத நீண்ட பகுதிகள் வரும். அங்கேதான் மனிதர் உடைந்துபோவது கேட்கும்.

பெண்கள் யாருமே இல்லையா?

இருந்தார்கள். ஜெனீவாவின் கரோலின் புவாசியே-புட்டினி, 1786 முதல் 1836 வரை வாழ்ந்தவர். பியானோ கான்செர்ட்டோக்களும், பியானோ, கிளாரினெட், பசூன் மூன்றுக்குமான ஒரு துண்டும் எழுதினார். மகள் வலேரி பாரிசில் லிஸ்டிடம் பாடம் கேட்டபோது கரோலின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பாடத்தையும் குறிப்பெடுத்தார். நீண்ட காலம் இசை வரலாற்றில் அவர் இடம் பெற்றது அந்தக் குறிப்புகளால் மட்டுமே. அவருடைய சொந்த இசை ஜெனீவா நூலகத்தில் கையெழுத்துப் பிரதிகளாக இருந்தது. நம் காலத்து ஆய்வாளர்கள்தான் அதை எடுத்து அச்சுக்கும் மேடைக்கும் கொண்டு வந்தார்கள். நூலகம் பத்திரமாக வைத்திருந்தது என்பதே பெரிய விஷயம். வீட்டுப் பரண்களில் கிடந்து அழிந்துபோனவை எத்தனையோ.

தரம் குறைவு என்பதால்தான் மறந்தார்கள் என்று ஏன் சொல்லக்கூடாது?

சிலருக்கு அது பொருந்தும், மறைக்கவில்லை. ராஃப் சம்பாதிக்க வேண்டிய கட்டாயத்தில் 200க்கும் மேற்பட்ட ஒப்பஸ் எண்கள் எழுதினார். அவற்றில் பல வரவேற்பறைத் துண்டுகள், திரும்பக் கேட்கத் தோன்றாது. ஹூபரிடம் கை தேர்ந்த எழுத்து உண்டு, ஆனால் சில இடங்களில் எழுதிக்கொண்டே போகிறார் என்ற உணர்வு வரும். ஆண்ட்ரேயின் முதல் ட்ரியோ, ஒப்பஸ் 1, பிராம்ஸின் நிழலில்தான் நிற்கிறது.

ஆனால் யுவோனின் செக்ஸ்டெட்டையோ கோட்ஸின் குவிண்ட்டெட்டையோ நாட்டுர்னோவையோ அந்தக் கணக்கில் தள்ள முடியாது. இவற்றை ஐந்து முறை கேட்டவர் யாரும் தரம் குறைவு என்று சொல்லி நான் பார்த்ததில்லை. மேதைகள் மட்டுமே வேண்டுமென்றால் பத்துப் பெயர்களோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு மொழியில் பத்துக் கவிஞர்களை மட்டும் வைத்துக்கொள்ள யாராவது சம்மதிப்பார்களா?

மீட்டெடுப்பது என்றால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உலகம் முழுக்கக் கையெழுத்து இசைத்தாள்களுக்கு அட்டவணை போடும் ரிஸ்ம் என்ற அமைப்பு 1952இலிருந்து வேலை செய்கிறது. அதன் மின்னணு மையம் இப்போது பெர்ன் நகரில் இருக்கிறது. சூரிக் மத்திய நூலகத்தில் பெரிய இசைப்பிரிவு உண்டு. யுவோனின் கையெழுத்துப் பிரதிகள் லோசான் நூலகத்தில் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டுக்குப் பாசலின் பால் சாஹர் அறக்கட்டளை. பழைய ஒலிப்பதிவுகளுக்கு லுகானோவின் தேசிய ஒலிக்காப்பகம்.

கிடைத்ததும் ஸ்கோரையும் பார்ட்டுகளையும் ஒப்பிட வேண்டும். ஒன்றில் ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் ஷார்ப் குறி இருக்கும், மற்றதில் இருக்காது. எது சரி? அச்சிடுகிறவர் தன்னிஷ்டப்படி திருத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று சூரிக்கிலேயே உண்டு. ஹான்ஸ் கேயோர்க் நேகெலி என்ற பதிப்பாளர் பேத்தோவனின் ஒப்பஸ் 31 பியானோ சொனாட்டாக்களை வெளியிட்டபோது, முதல் சொனாட்டாவில் சரியாக அமையவில்லை என்று நினைத்து நான்கு பார் (தாளக் கட்டங்கள்) தானே எழுதிச் சேர்த்துவிட்டார். பேத்தோவன் கொதித்துப்போனார். அதனால் இன்றைய பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்பில் சொல்லிவிடுகிறார்கள்.

கடைசி வேலை, பார்ட்டுகளைத் தெளிவாக அச்சிடுவது. பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் வாசிப்பவருக்குக் கை ஓய்வாக இருக்க வேண்டும். இதை யாரும் பாராட்டுவதில்லை. ஆனால் பக்கம் திருப்ப முடியாத பார்ட் மறுபடியும் அலமாரிக்குத்தான் போகும். விண்டர்தூரின் அமடேயஸ் பதிப்பகம் இந்த வேலையில் பெரிய தொண்டு செய்திருக்கிறது.

தாள்களை இலவசமாக எடுக்கலாமா?

சுவிட்சர்லாந்தில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை. ராஃப், கோட்ஸ், ஹூபர், சூட்டர், யுவோன் எல்லோரும் அதைத் தாண்டிவிட்டார்கள். இணையத்தின் இலவச இசைத்தாள் நூலகமான ஐ.எம்.எஸ்.எல்.பி.யில் பலவும் கிடைக்கும். ஷோக்குக்கு 2027 கடைசி வரை, ஆண்ட்ரேக்கு 2032 கடைசி வரை பொறுக்க வேண்டும். இலங்கையிலும் 70 ஆண்டுதான், இந்தியாவில் 60. புதிய பதிப்புகளுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் தனி உரிமை உண்டு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாணவர்கள் எதை வாசிக்கலாம்?

இரண்டு வயலினும் பியானோவும் இருந்தால் யுவோனின் 'சில்லவெட்' துண்டுகள். வயலின், செல்லோ, பியானோ என்றால் அவருடைய ட்ரியோ மினியேச்சர்கள், வயலினுக்குப் பதில் கிளாரினெட்டும் வைத்துக்கொள்ளலாம். புல்லாங்குழலும் ஹார்ப்பும் கிடைத்தால் ஜோசப் லாபரின் 'நான்கு இடைக்கால நடனங்கள்', ஒப்பஸ் 45. லாபர் ஃப்ராங்க் மார்ட்டினுக்கு ஆசிரியர். செக்ஸ்டெட்டை முதல் ஆண்டிலேயே தொடாதீர்கள், பியானோ பகுதி கடினம்.

நல்ல ஒலிப்பதிவுகள் எவை?

யுவோனின் குவார்ட்டெட்டுகளை சரஸ்ட்ரோ குவார்ட்டெட் பதிவு செய்திருக்கிறது. செக்ஸ்டெட்டுக்கு கார்மினா குவார்ட்டெட்டும் பியானோ கலைஞர் ஆலிவர் ட்ரீண்டலும். நாட்டுர்னோவுக்கு இரண்டு: ஃபிஷர்-டீஸ்காவ் ஜூலியார்ட் குவார்ட்டெட்டோடு பாடியது, கிறிஸ்டியான் கெர்ஹாஹர் ரோசமுண்டே குவார்ட்டெட்டோடு பாடியது. எனக்குப் பிடித்தது பின்னது. சொல் ஒவ்வொன்றும் காதருகில் கேட்கும்.

ஒரே மாலையில் கேட்க ஒரு வரிசை சொல்லுங்கள்.

சரி. முதலில் ராஃபின் ஏழாம் குவார்ட்டெட்டிலிருந்து மில் சக்கரப் பகுதி. காது தயாராகிவிடும். அடுத்து கோட்ஸின் குவிண்ட்டெட் முழுதும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு யுவோனின் ட்ரியோ, ஒப்பஸ் 17. வெளிச்சம் மங்கும் நேரமாக இருந்தால் சூட்டரின் கரும்பறவை.

விளக்கைக் குறைத்தபின் நாட்டுர்னோ. ஏறக்குறைய முக்கால் மணி நேரம். கவிதைகளின் அர்த்தத்தை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது தாளைப் பார்க்க வேண்டாம். முடிவில் கெல்லரின் வரிகளில் ஒரு மனிதன் சப்தரிஷி மண்டலத்தைப் பார்த்துத் தன்னையும் கூட அழைத்துப் போகச் சொல்கிறான். அதுவரை தவித்துக்கொண்டிருந்த நான்கு வாத்தியங்களும் அங்கே அமைதியாகி மெல்ல மெல்ல விலகிப்போகும். அது முடிந்ததும் உடனே வேறு எதையும் போடாதீர்கள். மொட்டை மாடி இருந்தால் கொஞ்ச நேரம் போய் நில்லுங்கள்.